‘காவாசான் ராயாவ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பட்டர்வொர்த்திலிருந்து

குழுவினருக்கு வணக்கம். ஓராங் அஸ்லி (தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்கள்) நில வழக்குகள் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலை நடக்கிறது. ‘காவாசான் ராயாவ்’ என்ற மலாய்ச் சொல் வரும் இடமெல்லாம் முட்டுகிறது. கிராமத்தைச் சுற்றியுள்ள காட்டில் பிரம்பு, தேன், பெத்தாய்க் காய், மூலிகை, வேட்டை என்று எடுத்துப் பிழைக்கும் பரப்பு அது. அலைநிலம், மேய்ச்சல் நிலம், வேட்டைக்காடு, துய்ப்புநிலம் ஆகிய நான்கு தமிழ்ச் சொற்கள் இதுவரை யோசனையாக வந்திருக்கின்றன. ராயாவ் என்றால் சுற்றித் திரிவதுதானே, அதனால் அலைநிலம் பொருந்தும் என்று படுகிறது. கோலாலம்பூர் அண்ணன் சரி என்றால் அதையே போட்டுவிடலாம்.

கோலாலம்பூரிலிருந்து

தம்பி, அலைநிலம் வேண்டாம். அலைகிறவனுக்கு ஊர் இல்லை, ஊர் இல்லாதவனுக்கு நிலம் இல்லை. வழக்குமன்றத்தில் இந்த மக்களுக்கு எதிராக வைக்கப்படும் வாதமே இதுதான். அந்த வாதத்தை நாமே சொல்லுக்குள் ஏற்றி வைக்கக் கூடாது.

வழக்குகளை வரிசையாகப் பாருங்கள். ஜொகூரில் லிங்கியு அணைக்காக 53,273 ஏக்கர் காடு ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான ஜாக்குன் மக்களின் கையை விட்டுப் போனது. 1990களில் அடோங் பின் குவாவ் வழக்கில் உயர்நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) இழப்பீடு தரச் சொன்னது. பரம்பரை நிலத்தையும் காட்டு விளைபொருளையும் மட்டும் அது கணக்கில் எடுக்கவில்லை. நடமாடும் சுதந்திரத்தையும் பிள்ளைகளின் வருங்காலப் பிழைப்பையும் இழப்பாகச் சேர்த்தது. 2002இல் சகோங் தாசி வழக்கு வந்தது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கில் பக்கம் புக்கிட் தம்போயில் இன்னொரு பிரிவினரான தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டிருந்தது. குடியிருந்து பயிரிட்ட நிலத்தில் அவர்களுக்கு நிலவுரிமையே உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் உணவு தேடித் திரிந்த காட்டை அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தியது. ஆக, இன்றைக்கும் சண்டை நடக்கிற இடம் காவாசான் ராயாவ்தான். அதற்கு நாம் வைக்கும் பெயர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க முடியாது.

‘மேய்ச்சல் நிலம்’ ஆடுமாட்டுக்கு. ‘வேட்டைக்காடு’ என்றால் பிரம்பும் தேனும் விட்டுப்போகும், படிப்பவர் மனத்தில் துப்பாக்கிதான் வரும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில விலங்குகளைக் குடும்பச் சாப்பாட்டுக்கு மட்டும் பிடிக்க ஓராங் அஸ்லிக்கு இடம் தருகிறது. விற்கக் கூடாது. அந்தச் சிறு விலக்கை முழு நிலத்துக்கும் பெயராக வைத்தால் உரிமை சுருங்கிவிடும்.

‘துய்ப்பு’ சட்ட அகராதிக்குப் பழகிய சொல். ஆனால் இன்று படிப்பவருக்கு அது இன்பத்தைத்தான் சொல்லும். ‘அனுபோகம்’ போடலாமா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். பத்திரங்களில் ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்து’ என்று எழுதுவது முழு விற்பனைக்கு. இங்கே பேச்சு வேறு.

நான் முன்வைப்பது புழங்குநிலம். நடமாடுதல், எடுத்துக் கையாளுதல், நெடுநாள் பழக்கம் மூன்றையும் ‘புழங்கு’ ஒன்றே தாங்கும். உரிமையைச் சொல்லப் புழங்குரிமை. நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள் பண்பாடு’ ஏற்கனவே நிலைத்துவிட்டதால் காதுக்கும் புதிதாக இருக்காது.

இந்தப் பரப்பு ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் கையேட்டில் வர வேண்டும். ரோத்தான் மானாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கால் செய்யும் தடித்த பிரம்பு. அது ஒற்றைத் தண்டு. அடியில் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. வெட்டியதும் கொடி தானாக விழுவதும் இல்லை. இலை நுனியில் நீளும் கொக்கிமுள் சாட்டைகள் மேலே மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஆள் சேர்ந்து இழுக்க வேண்டும். முள்ளுறையை உரித்து, நுனியில் முற்றாத பகுதியைக் கழித்து, ஏறக்குறைய 3 மீட்டர் துண்டுகளாக நறுக்கித் தோளில் சுமந்து வருவார்கள். சுணங்கினால் நீலப்பூஞ்சை பிடித்து விலை போய்விடும். ஓரிடத்தில் எடுத்தால் அங்கே அடுத்த கொடி முற்றப் பல வருடம் ஆகும், அதனால் அடுத்த ஓடை, அடுத்த மேடு என்று போகிறார்கள். ரோத்தான் சேகா என்ற இன்னொரு பிரம்பு அப்படியல்ல, தூராக வளர்ந்து மறுபடி கிளைக்கும், அதே இடத்துக்குத் திரும்பி வரலாம். இரண்டையும் தெரிந்து, எதை எப்போது விடுவது என்று கணக்குப் பார்த்து நடக்கிறவர்களை ‘அலைகிறார்கள்’ என்பது அநியாயம்.

வரைபடத்தில் வீடுகளையும் டுரியான் மரங்களையும் மட்டும் புள்ளியாகக் குறித்தால் மிச்சமெல்லாம் வெறும் காடாகத் தெரியும். பாதை, ஓடைப்பெயர், தேன் மரம், இடுகாடு, பழைய குடியிருப்பு எல்லாவற்றையும் கோடாக இணைத்து, மேட்டையும் நீரோட்டத்தையும் எல்லையாகக் காட்டினால்தான் புழங்குநிலம் கண்ணுக்குத் தெரியும்.

ஜெலுத்தோங்கிலிருந்து

அண்ணன் சொன்ன சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ‘அந்த வீட்டோடு அன்னந்தண்ணி புழங்க மாட்டோம்’ என்பது சாதிப் பேச்சு. அந்த வாடை ஒட்டாதா? அடுத்தது கடல். பினாங்குத் தீவின் தெற்கே பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் பக்கம் கடலைத் தூர்க்கும் திட்டம் முதலில் மூன்று தீவுகளாக 4,500 ஏக்கர் என்றிருந்து, 2023இல் ஒரே தீவாகச் சுருங்கியது. மீனவர்களுக்குத் தருவதாகச் சொன்னது கருணைத்தொகை, அதாவது உரிமையாக இல்லாமல் இரக்கமாகத் தருவது. அந்தக் கரைக்கடலுக்கும் இதே சொல்லைக் கொண்டுபோக ஆசை. ஆனால் ‘புழங்குநீர்’ என்றால் பாத்திரம் கழுவும் தண்ணீர் என்றுதான் நம் வீட்டில் அர்த்தம்.

கோலாலம்பூரிலிருந்து

அக்கா, இரண்டாவது சரியான பிடி. கடலுக்குப் புழங்குகடல் என்றே வைப்போம், நீர் வேண்டாம். பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊரே முறைவைத்துப் பிரிப்பது. அது முறையின் பெயர், இடத்தின் பெயர் அல்ல. அதை அதற்கே விட்டுவிடலாம். முதலாவதற்கு என் பதில்: அந்த வாக்கியத்தில் கெட்டது ‘மாட்டோம்’. புழங்குதல் அங்கேயும் உறவைத்தான் குறிக்கிறது.

கருணைத்தொகை பற்றி நீங்கள் எழுதியது காட்டுக்கும் பொருந்தும். 1954ஆம் ஆண்டு ஓராங் அஸ்லி சட்டத்தின் 11ஆம் பிரிவு, நிலம் கைமாறும்போது அதிலுள்ள பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு ‘தர வேண்டும்’ என்கிறது. 12ஆம் பிரிவு நிலத்துக்கு ‘தரலாம்’ என்றுதான் சொல்கிறது. தம்பி, இந்த ‘வேண்டும்’, ‘லாம்’ இரண்டையும் மொழிபெயர்ப்பில் கலந்துவிடாதீர்கள். பல செய்திகளில் இரண்டுக்கும் ‘வழங்கப்படும்’ என்று எழுதி வேறுபாட்டையே அழித்துவிடுகிறார்கள்.

கையேட்டுக்கான பதிவு இது:

புழங்குநிலம்: ஒரு சமூகம் வழிவழியாக நடமாடி, தன் பிழைப்புக்கு வேண்டியதை எடுத்து, தன் வழக்கப்படி பேணிவரும் குடியிருப்புக்கு அப்பாற்பட்ட நிலம். காப்புக்காட்டுக்குள்ளும் இருக்கலாம்.

புழங்குரிமை: அந்நிலத்தில் நடமாடவும் எடுக்கவும் வழக்கத்தால் வந்த உரிமை. நிலவுரிமை என்று இதை மாற்றி எழுதக் கூடாது. வழக்கில் இரண்டும் தனித்தனியாகக் கோரப்படும்.

சரவாக்கின் ‘பூலாவ் காலாவ்’ இதில் அடங்காது. அது மரத்துக்கும் வேட்டைக்குமாக ஊர் ஒதுக்கி வைக்கும் காடு. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வழக்கத்துக்குச் சட்ட வலு இல்லை என்றது, 2018இல் சரவாக் தன் நிலச் சட்டத்தைத் திருத்தியது. சரவாக்கின் இபான் பூர்வகுடிகளின் வழக்கம் தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்தால் அதைத் தனி இழையில் எடுப்போம். அதுவரை மூலச்சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள்.