ஆராதனையில் சபையார் பாடாமல் நின்றால் என்ன குறை?

கேள்வி: பாடல் தேர்வுப் பொறுப்பாளர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குரிய பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கடந்த ஆண்டு முதல் என்னிடம் இருக்கிறது. பாடுகிற குழுவினர் ஆறு பேரும் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள், இசைக்கருவிகளுக்கும் குறைவில்லை. ஆகவே எல்லாம் சிறப்பாக நடைபெறுகிறது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு பாடலின் இரண்டாம் சரணத்தில் திடீரென மின்சாரம் நின்றது. மைக்குகள் ஓய்ந்தன, கீபோர்டு ஓய்ந்தது, பாடல் வரிகள் ஓடிக்கொண்டிருந்த திரையும் அணைந்துபோனது. நாங்கள் பல ஆண்டுகளாகப் பாடிவரும் பாடல் என்பதால் சபையார் தொடர்ந்து பாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் மெல்லிய குரலையும், எங்கோ பின்னால் ஒரு குழந்தையின் குரலையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஏறக்குறைய இருநூறு பேர் அணைந்த திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். மேடையின் ஒலிக்குக் கீழே சபையின் குரலென்று ஒன்று இருக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதை ஆராதனைக் குழுவின் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் மூப்பர் ஒருவர், "நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும், மற்றவர்கள் மனத்துக்குள் தியானித்துக்கொண்டிருக்கட்டும். தேவன் இருதயத்தைத்தானே பார்க்கிறார்?" என்றார். அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. சபையார் சேர்ந்து பாடுவது ஆராதனைக்கு இன்றியமையாததா, அல்லது இருந்தால் நல்லது என்று சொல்லத்தக்க ஒரு வழக்கம் மட்டும்தானா? இன்றியமையாதது என்றால், வாய் திறவாமல் பழகிவிட்ட சபையை மீண்டும் பாடவைப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: வேதபாட ஆசிரியர்

சகோதரரே, உங்கள் மூப்பர் சொன்ன வாதம் புதியதல்ல. அவரைவிடப் பெரியவர் ஒருவர் அதைச் சொல்லி, ஒரு நகரத்தையே பாடாமல் நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வசனத்தைப் பார்ப்போம்.

கொலோசெயர் 3:16இல் பவுல் சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள் என்று மூன்றைச் சொல்லிவிட்டு, அவற்றால் "ஒருவருக்கொருவர்" போதித்துப் புத்திசொல்லும்படி எழுதுகிறார். அதே வசனத்தில் இருதயத்திலே கர்த்தரைப் பாடுவதையும் சொல்கிறார். எபேசியர் 5:19இலும் இதே அமைப்பு இருக்கிறது. ஆக, பாட்டு இரண்டு திசைகளில் செல்கிறது: ஒன்று தேவனை நோக்கி, மற்றொன்று பக்கத்தில் நிற்பவரை நோக்கி. மனத்துக்குள் தியானிப்பவர் முதல் திசையை நிறைவேற்றலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது திசைக்கு வாய் திறந்தாக வேண்டும். பிரசங்கத்தில் ஒருவர் பேசப் பலர் கேட்கிறோம். ஜெபத்தில் ஒருவர் சொல்ல நாம் ஆமென் என்கிறோம். பாட்டு ஒன்றில்தான் சபையிலுள்ள ஒவ்வொருவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் சிறு பிள்ளையும்கூட, மற்றவருக்குப் போதிக்கிறவராக நிற்கிறார். 42ஆம் சங்கீதத்தில் ஒருவன் தன் ஆத்துமாவையே நோக்கி ஏன் கலங்குகிறாய் என்று கேட்கிறான். அதை நான் தனியாக வாசிப்பது ஒன்று. வேலையிழந்து நிற்கும் ஒருவர் என் தோளருகில் நின்று அதையே பாடக் கேட்பது முற்றிலும் வேறு.

தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது. கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டே ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. கி.பி. 112 வாக்கில் இன்றைய துருக்கியிலுள்ள பித்தினியாவை ஆண்ட பிளினி என்னும் ரோம ஆளுநர் பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு மாறிமாறிப் பாட்டுச் சொல்கிறார்கள் என்று தெரிவிக்கிறார். அவர் விசுவாசி அல்ல, விசாரணை நடத்திய அதிகாரி. அவர் காதுக்கே எட்டிய அடையாளமாகப் பாட்டு இருந்திருக்கிறது. 386ஆம் ஆண்டில் மிலான் நகரில் அரசியார் யுஸ்தினா கொடுத்த நெருக்கடியால் பேராயர் அம்புரோசும் மக்களும் ஆலயத்துக்குள்ளேயே இரவும் பகலும் இருக்க நேர்ந்தபோது, துயரத்தால் மக்கள் சோர்ந்துபோகாதபடி பாட்டுகளும் சங்கீதங்களும் பாடும் முறை அங்கே ஏற்படுத்தப்பட்டது என்று சபைப் பிதாவாகிய அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார்.

பின்னர் நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, மேற்குத் திருச்சபையில் பாட்டு பெரும்பாலும் குருமாரிடமும் பயிற்சி பெற்ற பாடகரிடமும் சென்று சேர்ந்தது. அவர்கள் பாடிய இசை அழகானது. அழகாக இருந்ததனாலேயே மற்றவர்களுக்கு அதில் வேலை இல்லாமல் போயிற்று, மொழியும் லத்தீனாக இருந்தது. உங்கள் மேடையில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான் என்று சொன்னால் வருந்தமாட்டீர்கள் என நம்புகிறேன்.

பின்பு இந்நிலை மாறத் தொடங்கியது. 1501இல், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த பொகேமியாவில், செக் மொழியிலேயே பாட்டுப்புத்தகம் அச்சாகிவிட்டது. 1524இல் சீர்திருத்தவாதி லூத்தரின் பாட்டுகள் நான்கை உள்ளடக்கி, மொத்தம் எட்டே பாட்டுகளோடு ஒரு சிறு நூல் ஜெர்மனியில் வெளிவந்தது. மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வினின் ஜெனீவா நகரம் 1562இல் 150 சங்கீதங்களையும் மக்கள் பாடும் மெட்டுகளில் முடித்துக் கொடுத்தது. இனி நான் முதலில் சொன்ன பெரியவருக்கு வருகிறேன். சூரிச் நகரின் சீர்திருத்தவாதியான ஸ்விங்கிலி பல கருவிகளை வாசிக்கத் தெரிந்த இசைவல்லுநர். அவரே, பவுல் "இருதயத்திலே" என்றுதானே சொன்னார், வாயால் என்று சொல்லவில்லையே என்று வாதிட்டு, 1525 முதல் ஆராதனையில் பாட்டையே நிறுத்தினார். 1598இல்தான் அந்நகரத்துச் சபை மீண்டும் பாடத் தொடங்கியது. உங்கள் மூப்பர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை அவரிடம் பணிவோடு சொல்லுங்கள். ஸ்விங்கிலியாவது பாடகர் குழுவையும் சேர்த்தே நிறுத்தினார். அந்த வகையில் அவருடைய வாதம் இன்னும் நேர்மையானது.


பதில் 2: பாடகர் குழுப் பயிற்றுநர்

ஆசிரியர் ஐயா எழுதியதற்கு மேல் காரணங்களைச் சொல்ல எனக்குத் தெரியாது. சபை ஏன் பாடுவதில்லை என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலும் அது பக்திக் குறைவினால் அல்ல, சுருதியினால்.

பதிவு செய்யப்பட்ட பாடலை அதே சுருதியில் எடுத்துப் பாடுகிறோம். அந்தச் சுருதி அதைப் பாடிய கலைஞரின் குரலுக்கு ஏற்றது. பல பாடல்களில் கடைசிப் பல்லவியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கியும் விடுவார்கள். பயிற்சி இல்லாதவர் சிரமமின்றிப் பாடக்கூடிய அளவு, நடு 'சி' முதல் அடுத்த ஸ்தாயியின் 'டி' வரை, ஏறக்குறைய ஒன்பது சுரங்கள்தான். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். அதற்கு மேல் பாட்டு ஏறினால் முதலில் ஆண்கள் வாயை மூடுவார்கள், பிறகு வயதானவர்கள், பிறகு எல்லோரும். அவர்கள் தங்களுக்குப் பாட வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பாட்டைத்தான் அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, ஒலியின் அளவு. தன் குரலும் பக்கத்தவர் குரலும் காதில் விழுந்தால்தான் மனிதன் பாடுவான். இரண்டும் விழாத அளவுக்கு ஒலிபெருக்கி இருந்தால், அவன் பாடினாலும் பாடாவிட்டாலும் வேறுபாடே இல்லை என்பதை இரண்டு வாரத்தில் புரிந்துகொண்டுவிடுவான். திரையைப் பற்றியும் ஒரு சொல்: ஒரு நேரத்தில் இரண்டு வரிகள் மட்டுமே காட்டும் திரை, பாட்டை மனப்பாடமாக்குவதில்லை. புத்தகமே இல்லாத காலத்திலும் சபைகள் பாடின. 1644இல் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் என்னும் சபைத் தலைவர்களின் கூட்டம் வகுத்த ஆராதனை நெறிமுறை, வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் இருக்கும் இடத்தில் ஒருவர் சங்கீதத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க, மற்றவர்கள் பாடலாம் என்கிறது. மெதுவான முறைதான், ஆனாலும் வரி நெஞ்சில் தங்கியது.

எங்கள் சபையில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தைக் கருவிகள் இல்லாமல், மைக்கும் இல்லாமல் சபையார் மட்டும் பாடுவது என்று முடிவு செய்தோம். முதல் வாரம் மானம் போயிற்று. சரணம் முடிவதற்குள் சபை ஒரு சுரம் கீழே இறங்கிவிட்டது. அது தெரியாமல் எங்கள் கீபோர்டுக்காரர் பல்லவிக்குப் பழைய சுருதியிலேயே வந்து சேர, இரண்டும் மோதி, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர்கள் சிலருக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் முதல் கருவிகள் திரும்ப வராமலே பாட்டை முடித்துக்கொண்டோம். நான்காம் வாரம் பின்வரிசையில் அதுவரை கேட்டிராத ஓர் ஆண்குரல், தணிந்த சுருதியில், தடுமாறாமல் வந்தது. அவர் எங்கள் ஆலயத்துக்குப் பதினைந்து ஆண்டுகளாக வருகிறவர்.

மற்றபடி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761இல் சபையார் பாடுவதற்குத் தந்த விதிகளைப் பாடுகிற குழுவினர் வாசிப்பது நல்லது. எல்லோரும் பாடுங்கள், பாதி செத்தவர் போலவோ பாதித் தூக்கத்திலோ பாடாதீர்கள் என்று சபைக்குச் சொன்ன அதே மனிதர், மற்றவர்களை மிஞ்சிக் கேட்க வேண்டும் என்று கத்தாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். மைக் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னால்!


பதில் 3: வாசகி

இரண்டு பதில்களும் பயனுள்ளவை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கணவர் இறந்தபின் ஏறத்தாழ எட்டு மாதங்கள் நான் ஆலயத்தில் ஒரு வரிகூடப் பாடியதில்லை. பாடினால் குரல் உடைந்துவிடும். அந்த நாட்களில் யாராவது என்னைப் பார்த்து, நீங்கள் பாடாவிட்டால் உங்கள் கடமையில் தவறுகிறீர்கள் என்று சொல்லியிருந்தால், நான் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியிருப்பேன். சபை பாட வேண்டும் என்பது வேறு, சபையிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாரமும் பாடியே தீர வேண்டும் என்பது வேறு. மேடையிலிருந்து, "இன்னும் சத்தமாக, உங்கள் குரல் கேட்கவில்லையே" என்று அதட்டும் வழக்கம் பெருகியிருப்பதால் இதை எழுதுகிறேன். காது கேளாத விசுவாசிகள் கைகளால் பாடுகிறார்கள். அவர்களையும் யாரும் நினைப்பதில்லை.

ஆசிரியர் ஐயா பாடகர் குழுவைச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டார். 1963 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்க வேண்டும் என்றும் அதே சாசனம் சொல்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை இடிக்க வேண்டியதில்லை. மேலும், அவர் மேற்கோள் காட்டிய அகுஸ்தீனே, பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் உருக்கிவிடுகிறது என்று அதே நூலில் அஞ்சுகிறார். சேர்ந்து பாடுவதிலும் அந்த ஆபத்து இல்லாமல் இல்லை. கூட்டத்தோடு குரல் எழும்பும்போது வரும் சிலிர்ப்பையே ஆவியானவரின் செயல் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் வாதத்துக்கு எதிராகப் போனாலும். அந்த எட்டு மாதங்களில் என்னைத் தாங்கியது மேடையில் இருந்தவர்களின் பாட்டு அல்ல. என் வலப்பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ஓர் அம்மையார் சுருதியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பாடுவார். என் கணவர் அவரைக் குறித்து வேடிக்கை செய்வதுண்டு. நான் பாட முடியாத வரிகளை அவர் எனக்காகவும் சேர்த்துப் பாடுகிறார் என்று ஒருநாள் தோன்றியது. அவர் பாட்டை நிறுத்தி மனத்துக்குள் தியானித்திருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.


பதில் 4: வேதபாட ஆசிரியர்

சகோதரியே, உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். கடமை என்ற எண்ணத்தோடு நான் எழுதியது சபை முழுவதையும் குறித்தது. தனி மனிதரின் மௌனத்தை அளக்கும் கோலாக அதை எவரும் எடுத்துவிடக் கூடாது. பாட முடியாதவருக்காகப் பாடுவதற்குத்தான் மற்றவர்கள் பாட வேண்டும் என்பதை நான் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பவுலும் சீலாவும் நடு இராத்திரியில் பாடியபோது காவலில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற வரி இப்போது வேறுவிதமாகப் படுகிறது. பாடகர் குழுவைப் பற்றிய என் கடைசி வாக்கியத்தில் குத்தல் இருந்தது உண்மை. பயிற்றுநர் ஐயா மன்னிக்க வேண்டும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து மூப்பரிடம் கொடுத்தேன். ஸ்விங்கிலியைப் பற்றிய பகுதியை வாசித்துவிட்டு, "நல்ல ஆளோடுதான் என்னைச் சேர்த்திருக்கிறார்கள்" என்றார். கணவரை இழந்த சகோதரியின் பதிலை இரண்டு முறை வாசித்தார். பிறகு, ஒரு மாதம் முயன்று பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே பாடல்களின் சுருதியைக் குறைப்பதென்றும், மேடையின் ஒலியைத் தணிப்பதென்றும், ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தைக் கருவிகளின்றிப் பாடுவதென்றும் தீர்மானித்திருக்கிறோம். கீபோர்டு வாசிப்பவரிடம், எக்காரணம் கொண்டும் நடுவில் திரும்ப வரக்கூடாது என்று சொல்லியாயிற்று. எந்தப் பாட்டில் தொடங்குவது என்பதுதான் முடிவாகவில்லை. என் பட்டியலில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் எனக்கே திரையின்றி வராது. வரும் சனிக்கிழமை, மின்சாரம் நின்ற அன்று பாடிக்கொண்டிருந்த அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, அவருக்குப் புத்தகமில்லாமல் தெரிந்த பாட்டுகள் எவையென்று கேட்டு எழுதிவரப் போகிறேன்.