குளிர் வந்தால் ஈறும் வீங்குகிறது: உங்களுக்கும் இப்படியா?

எல்லோருக்கும் வணக்கம். நாள்பட்ட ஈறு நோய் (பீரியடான்டைடிஸ்) எனக்கு ஆறு வருஷமாக இருக்கிறது. 3 மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங் தவறாமல் போகிறேன். ஆரோக்கியமான ஈறில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரைதான் ஆழம் இருக்கும். எனக்குப் பின்பற்களில் இரண்டு இடத்தில் 5.

சிக்கல் என்னவென்றால், குளிர் தொடங்கினாலே அந்த இரண்டு இடமும் வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. மூன்று வருஷமாக இதே கதை. குளிர்காற்று பட்டுப் பல் கூசுவது வேறு. ஈறு இறங்கி வேர் தெரிவதால் அது வரும் என்று எனக்கே தெரியும். நான் கேட்பது வீக்கத்தைப் பற்றி.

என் சந்தேகம் குளிர் மேல்கூட இல்லை, மூக்கடைப்பு மேல்தான். அந்த நாட்களில் இரவு முழுக்க வாயால் மூச்சு விடுகிறேன், காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அலர்ஜி மாத்திரையும் எச்சிலைக் குறைக்கும். எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தானே. கடும் வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்த ஒரு வாரமும் இதேபோல் வீங்கியது. (சர்க்கரை பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. புகைப்பழக்கம் இல்லை.)

பருவம் மாறும்போது உங்களுக்கும் இப்படி ஆகிறதா? படுக்கையறையில் ஈரப்பதமூட்டி வைத்துப் பலன் கண்டவர்கள் உண்டா? மாத்திரைக்குப் பதில் மூக்கு ஸ்பிரே கேட்டு வாங்கியவர்கள்? அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கிறேன், அதற்குள் தேதிவாரியாகக் குறித்துவைக்கப் போகிறேன். வேறு என்னவெல்லாம் குறிக்கலாம், சொல்லுங்களேன்.