‘சபிக்கப்பட்டோர்’ வேண்டாம், ‘மீளாதோர்’ என்போம்

ஐயா,

கடவுளின் அறிவும் மனிதனின் முடிவும் பற்றிய விவாதத்துக்கு நீங்கள் வைத்த தமிழ்க் கலைச்சொற்களைப் பார்த்தேன். நடக்கப்போவதைக் கடவுள் முன்பே அறிவதற்கு ‘முன்னறிவு’ சரிதான். பேதுருவின் முதல் நிருபத்திலேயே ‘பிதாவாகிய தேவனுடைய முன்னறிவின்படியே’ என்று வந்து பழகிய சொல். ‘முன்குறித்தல்’ என்பதும் அப்படியே இருக்கட்டும். அதை ‘ஊழ்’ ஆக்க வேண்டாம். ஊழ் நாம் செய்த வினையின் பயன். முன்குறித்தலோ நாம் எதுவும் செய்யும் முன்பே கடவுள் எடுத்த முடிவு.

என் கவலையெல்லாம் நரகத்துக்குப் போகிறவர்களுக்கு நீங்கள் வைத்த ‘சபிக்கப்பட்டோர்’ மேல்தான். மத்தேயு 25இல் உள்ள சொல், தெரியும். ஆனால் அது செயப்பாட்டுவினை. சொன்னவுடனே ‘சபித்தது யார்?’ என்று கேட்கத் தோன்றும். அன்பான கடவுள் இவர்களை ஏன் படைத்தார் என்று பேசத் தொடங்கும் முன்பே பழி அவர் மேல் விழுந்துவிடுகிறது. ‘கெட்டுப்போனோர்’ என்றாலோ பழி முழுக்க மனிதன் தலையில். கலைச்சொல்லே தீர்ப்பு எழுதிவிட்டால் அப்புறம் விவாதம் எதற்கு?

அதனால் ‘மீளாதோர்’. மீட்பு, மீட்பர் என்ற சொற்களின் வேர்தான். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. மீளாதவன் வர மறுத்தவனா, வர முடியாதவனா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கடவுளே முடிவு செய்துவிட்டார் என்ற சீர்திருத்த இறையியலாளர் கால்வினின் நிலையை எழுதும்போது ‘மீட்கப்படாதோர்’ என்றால் போதும்.

ஸ்பானிய இயேசு சபை இறையியலாளர் மோலினா 1588இல் முன்வைத்த கருத்துக்கு, அதாவது எந்தச் சூழலில் யார் என்ன செய்திருப்பார் என்பதைப் படைக்கும் முன்பே கடவுள் அறிவார் என்பதற்கு, ‘இடையறிவு’ என்பது ‘scientia media’ என்ற லத்தீனுக்கு நேர். ஆனால் அரைகுறை அறிவு போல ஒலிக்கிறது. வேறு யோசிப்போம்.

ஒருவன் நடப்பதை நான் பார்ப்பதால் அவன் நடந்தே தீரவேண்டும் என்றாகாது, கடவுள் காண்பதும் அப்படித்தான் என்று ரோமானியத் தத்துவவாதி போயத்தியஸ் சிறையிலிருந்து எழுதினார். முன்னறிவுக்கு இது நல்ல பதில். ஆனால் பார்ப்பவரே அவனைப் படைத்தவராகவும் இருந்தால்? தன்னைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாஸ் பிறவாதிருந்தால் அவனுக்கு நலமாயிருக்கும் என்று இயேசு சொல்லும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அங்கே அவர் வாயில் வருவது ‘ஐயோ’. அப்படிச் சொன்னவர் அவனைச் சபித்தார் என்று என்னால் எழுத முடியவில்லை. யூதாஸும் மனம் வருந்தி, கூலியாக வாங்கிய 30 வெள்ளிக்காசையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்தான். ஆனால் வந்தது ஆசாரியர்களிடம்.