சிம்னல் கேக்: அம்மாவுக்கா, ஈஸ்டருக்கா?

மாவுச்சல்லடை: இங்கிலாந்தின் மதரிங் சண்டேக்கு (அம்மாவைப் பார்க்கப் போகும் ஞாயிறு) சிம்னல் கேக், அதாவது மார்சிபான் என்கிற பாதாம்-சர்க்கரைப் பிசைவு வைத்த உலர்பழக் கேக், செய்யலாம் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுத, "அது ஈஸ்டர் கேக்" என்று 'நாற்பதுநாள்' என்பவர் மறுத்திருந்தார். தப்பு. 1648-ல் அச்சான, ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் ஹெரிக்கின் கவிதையிலேயே, குளோஸ்டர் பக்கம் அம்மாவைப் பார்க்கப் போகிறவளுக்கு சிம்னல் கொண்டுவருவதாகப் பேச்சு வருகிறது. வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று லீவு வாங்கிக்கொண்டு தாய்வீடு போய்வந்த நாள் அது.

நாற்பதுநாள்: தவக்காலம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வெண்ணெயும் முட்டையும் விலக்கிய நாட்களில் மூன்று முட்டைக் கேக்கா? மேலே வைக்கிற 11 மார்சிபான் உருண்டைகள், காட்டிக்கொடுத்த யூதாஸ் நீங்கலான இயேசுவின் சீடர்கள். அது ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரக் கதை. அதில் அம்மா எங்கே வந்தார்?

மாவுச்சல்லடை: அந்த விலக்கு, இங்கிலாந்து திருச்சபை ரோமை விட்டுப் பிரிந்த சமயச் சீர்திருத்தத்துக்கு முந்தைய சட்டம். ஹெரிக் காலத்தில் ஏது? அதற்கு முன்பும் நான்காம் ஞாயிறு நோன்பு தளரும் நாள்தான். அன்று கோவிலில் வாசித்த பைபிள் பகுதி கலாத்தியர் 4, "மேலான எருசலேம் நம் எல்லாருக்கும் தாய்" என்கிற இடம். தாய்க் கோவிலுக்கு (ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்துக்கு) போகும் வழக்கத்தையும் அதோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். உருண்டைகளோ பிற்காலச் சேர்க்கை. ஊருக்கு ஊர் வகை வேறு: ஷ்ரூஸ்பரி சிம்னலுக்குக் குங்குமப்பூ கலந்த கெட்டி ஓடு உண்டு. டிவைசஸ் சிம்னல் நட்சத்திர வடிவம், ஓடே கிடையாது. ரெண்டிலும் சீடரைத் தேடிப் பாருங்கள்.

ஓட்டைத்தராசு: வரலாறு இருக்கட்டும், செய்முறைக்கு வாங்க. 18 செ.மீ. டின்னுக்கு வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, மைதா தலா 175 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உலர்பழம் 350 கிராம். மார்சிபான் 500 கிராம்: நடு அடுக்குக்கு 150, மேலே 200, மீதி 150-ல் உருண்டைகள், ஒன்று 13 கிராம். 150 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம். குச்சி குத்திப் பார்த்து ஈரமாக வந்தால் இன்னும் அரை மணி.

மாவுச்சல்லடை: அந்தக் கடைசி வரிதான் கேக்கைக் கெடுக்கும். நடுவில் இருக்கும் மார்சிபான் சூட்டில் இளகி எப்போதுமே குச்சியில் ஒட்டும். அதை வேகாத மாவு என்று நினைத்து அரை மணி கூட்டினால் ஓரம் காய்ந்து பழங்கள் கருகும். கேக் ஓரம் டின்னை விட்டு விலகியதா, நடுவை விரலால் அழுத்தினால் மேலெழும்புகிறதா என்று பாருங்கள். நடு அடுக்கு வட்டத்தையும் டின்னைவிட ஒரு செ.மீ. சிறிதாக வெட்டுங்கள். விளிம்பைத் தொட்டால் டின்னுக்குள் விரித்த காகிதத்தில் ஒட்டிக் கருகும், வெட்டும்போது மேல்பாதி தனியாகக் கழன்று வரும்.

ஓட்டைத்தராசு: குச்சி விஷயத்தில் தோற்றேன். ஆனால் மேலே போடும் மார்சிபான் தட்டை கேக் முழுக்க ஆறிய பிறகுதான் போட வேண்டும், அதையும் எழுதுங்கள். சூட்டோடு போட்டால் அடியில் தடவிய ஆப்ரிகாட் ஜாம் உருகி மார்சிபான் வழுக்கிக்கொண்டு போகும். உருண்டைக்கு முட்டை தடவி க்ரில்லில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடம். வாசலில் காலிங் பெல் அடித்தாலும் நகரக்கூடாது, அவ்வளவும் சர்க்கரை, சட்டென்று கருகிவிடும்.

நாற்பதுநாள்: எல்லாம் சரி, மதரிங் சண்டேயை "அன்னையர் தினம்" என்று சிலர் ஏன் கலக்குகிறார்கள்? மே இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவுடையது. 1908-ல் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டனில் ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி ஏற்பாடு செய்த வழிபாடு, வெள்ளைக் கார்னேஷன் பூ, 1914-ல் அதிபர் வில்சனின் அறிவிப்பு. லண்டனில் இருக்கிற அம்மாவுக்கு மே மாதத்தில் பூ அனுப்பி, இங்கே வந்து புலம்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

மாவுச்சல்லடை: இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பிரிட்டிஷ் நாள் ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு, ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2025-ல் மார்ச் 30, 2026-ல் மார்ச் 15. ஆனால் ஆனா ஜார்விஸின் முயற்சியைப் படித்த பிறகுதான் கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித், மங்கிப்போயிருந்த மதரிங் சண்டேயை நாட்டிங்ஹாமிலிருந்து திரும்ப எழுப்பினார். அதற்கு ஒரு புத்தகமே 1921-ல் எழுதினார். அந்தக் கடனையும் மறைக்க வேண்டாம்.

நாற்பதுநாள்: மூன்று வாரம் என்றால் கேக் கெடாது. நான்காம் ஞாயிறுக்குச் சுட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். மேல்தட்டும் 11 உருண்டையும் ஈஸ்டர் அன்று.

மாவுச்சல்லடை: அதாவது அம்மா வீட்டுக்கு மொட்டைக் கேக்கோடு போகச் சொல்கிறீர்கள்?

நாற்பதுநாள்: ஹெரிக் காலத்து அம்மாவுக்கு மொட்டைதானே போயிருக்கும். நீங்கள்தான் உருண்டை பிற்காலச் சேர்க்கை என்றீர்கள்.