52 வார உச்சத்தில் இருக்கும் பங்கை வாங்கலாமா, கூடாதா?

சத்துவாச்சாரிக்காரன்:
ஒரு பங்கு ஓராண்டில் இல்லாத உயர்ந்த விலையை, அதாவது 52 வார உச்சத்தைத் தொட்டது என்று செய்தி வந்தால் வாங்கலாம் என்கிறேன் நான். "உச்சியில் போய் யாராவது வாங்குவாங்களா?" என்கிறார் அப்பா. அவர் தேடித் தேடி வாங்குவதெல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்தவை. பாதி இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அரக்கோணத்தில் டயர் ஆலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். பங்கையே பாருங்கள். 2016 செப்டம்பரில் 50,000 ரூபாயைத் தொட்டபோது "இதுக்கு மேலயா?" என்றார்கள். 2023 ஜூனில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவிலேயே அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அது. போகிற வழியில் எத்தனை முறை ஓராண்டு உச்சத்தைத் தாண்டியிருக்கும்!

பாலாற்றங்கரை:
தம்பி, ஜெயித்த குதிரையை மட்டும் காட்டுகிறீர்கள். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியபோது நானும் இதையேதான் பேசினேன். காட்பாடியில் நான் போகும் தரகர் அலுவலகத்தில் உட்கார இடம் கிடைக்காது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில், உச்சத்தில் இருந்த மூன்று பங்குகளை வாங்கினேன். அக்டோபரில் சென்செக்ஸ் 9,000க்குக் கீழே. 2010 நவம்பரில் சந்தை மறுபடி 21,000க்கு வந்தது, என் பங்குகளில் இரண்டு வரவே இல்லை. விலை உச்சத்தில் இருந்தால் மனசு கேள்வி கேட்காது. எனக்கு அதுதான் பயம்.

சத்துவாச்சாரிக்காரன்:
உங்கள் இழப்பைச் சின்னதாகச் சொல்லவில்லை சார். ஆனால் ஜார்ஜ், ஹ்வாங் என்ற இருவர் 1963 முதல் 2001 வரையிலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2004-ல் எழுதினார்கள். ஓராண்டு உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த பங்குகள், அதிலிருந்து வெகுவாக இறங்கிக் கிடந்தவற்றைவிட அடுத்த மாதங்களில் நன்றாக ஏறின. நல்ல செய்தி வந்தாலும் "உச்சத்துக்கு வந்துடுச்சே" என்று வாங்குகிறவர் கை தயங்குகிறது. அதனால் அந்தச் செய்தி விலையில் மெதுவாகத்தான் ஏறுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

பாலாற்றங்கரை:
அவர்கள் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த 30 சதவீதப் பங்குகளை மொத்தமாக எடுத்து, ஆறு மாதம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள். நாலு பங்கு வாங்குகிறவனுக்கு அந்தச் சராசரி கிடைக்கும் என்று என்ன நிச்சயம்?

முத்துக்கடை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்., மின்நிலையக் கருவிகள் செய்யும் அரசு நிறுவனம்) குடியிருப்பில் வளர்ந்தவள் நான். இங்கே மின்நிலையக் கொதிகலன்களுக்கான விசிறிகள், புகையில் சாம்பலைப் பிடிக்கும் கருவிகள் செய்கிறார்கள். 2007 கடைசியில் பெல் பங்கு உச்சத்தில் இருந்தது. கையில் ஆர்டர்கள் குவிந்திருந்த காலம், அந்த விலைக்குக் காரணமும் இருந்தது. அப்புறம் நிலக்கரித் தட்டுப்பாடு, சீனக் கொதிகலன்களின் போட்டி, கடனில் சிக்கிய தனியார் மின்நிலையங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து புது ஆர்டர் வற்றியது. 2020 மார்ச்சில் பங்கு 30 ரூபாய்க்கும் கீழே. 2024-ல் அனல்மின் ஆர்டர்கள் திரும்பி, 300ஐத் தாண்டி, ஓராண்டு உச்சம் என்று செய்தி வந்தது. இடையில் பங்குப் பிரிப்பு, போனஸ் என்று பங்குகளின் எண்ணிக்கை கூடி ஒரு பங்கின் விலை குறைந்ததையும் கணக்கில் எடுத்தால் அந்த ஆண்டிலும் 2007 உச்சத்தை அது தொடவில்லை. ஓராண்டுக்கு முன்னால் நடந்தது 52 வார உச்சப் பட்டியலுக்குத் தெரியாது. நான் முதலில் பார்ப்பது ஆர்டரையும் காலாண்டு லாபத்தையும்தான். இன்னொன்று, சந்தை முழுக்க ஏறும்போது நூற்றுக்கணக்கான பங்குகள் உச்சம் தொடும், அதில் பெரிய சேதி இல்லை. சந்தை இறங்கும் நாளில் ஒன்று மட்டும் தொட்டால் உட்கார்ந்து படிப்பேன்.

பாலாற்றங்கரை:
இதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. வேலூரைப் பற்றிப் பழைய சொல் உண்டே, கோட்டை உண்டு ராஜா இல்லை, ஆறு உண்டு நீர் இல்லை என்று. நான் வாங்கிய இரண்டும் அப்படித்தான். விலை இருந்தது, லாபம் இல்லை. அன்று ஆண்டறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சத்துவாச்சாரிக்காரன்:
சரி, லாபம் ஏறாமல் விலை மட்டும் ஏறினால் நானும் தொடமாட்டேன். ஆனால் உச்சம் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கவும் மாட்டேன். சார், அந்த மூன்றாவது பங்கு என்ன ஆனது?

பாலாற்றங்கரை:
இன்னும் வைத்திருக்கிறேன். 2014-ல்தான் நான் வாங்கிய விலைக்கு வந்தது. அன்றும் 'ஓராண்டு உச்சம்' என்றுதான் செய்தி போட்டார்கள். எனக்கு அது போட்ட முதல் திரும்பிய நாள்.