கோவலன் கொலை: சூழல் நகைமுரணா, ஊழா?

வைகைக்கரை:
சூழல் நகைமுரணுக்கு, அதாவது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடப்பதற்கு, உதாரணம் கேட்டால் பலரும் சிலப்பதிகாரத்தில் வரும் கோவலன் கொலையைக் காட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பொற்கொல்லன்தான் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் என்பது நமக்கு முன்பே தெரியும். கோவலனுக்கும் பாண்டியனுக்கும்தான் தெரியாது. பாத்திரத்துக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரிந்திருந்தால் அது நாடக நகைமுரண். போதாக்குறைக்கு, 'வினைவிளை காலம் ஆதலின்' என்று இளங்கோவே பழியை ஊழ் மேல் போட்டுவிடுகிறார். விதிப்படி நடப்பதில் முரண் எங்கே வந்தது?

பொருநை:
வாசகருக்குத் தெரிந்துவிட்டால் சூழல் நகைமுரண் இல்லாமல் போய்விடுமா? பாத்திரத்தின் எதிர்பார்ப்பு தலைகீழானால் போதாதா? தொலைத்த செல்வத்தை மீட்க முதலாகக் கொண்டுபோன சிலம்பே உயிரைக் குடிக்கிறதே.

வைகைக்கரை:
மதுரையில் அத்தனை பேர் இருக்க அந்தத் திருடனிடமே போய் விலை கேட்டது வெறும் தற்செயல். தற்செயலையெல்லாம் நகைமுரண் என்றால் எந்தக் கதைதான் மிஞ்சும்?

பொருநை:
சரி, சந்திப்பு தற்செயலாகவே இருக்கட்டும். தீர்ப்பைப் பாருங்கள். அரசவையில் கண்ணகியிடம் பாண்டியன் சொல்வது: 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று'. திருடனைக் கொல்வது நீதிதான் என்கிறான். என் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) மாணிக்கம் என்கிறாள் அவள். எங்களுடையது முத்து என்கிறான் இவன். அவள் உடைத்ததும் மணி தெறித்து மன்னன் வாயருகே படுகிறது. 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று ஆணையிட்ட அதே வாய்! உடனே 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி உயிரை விடுகிறான். கள்வனுக்குச் சாவுதான் என்ற அவன் நீதி அவன் மேலேயே பாய்கிறது. இதை ஊழ் என்று ஒதுக்கிவிட்டால் இளங்கோ அந்த வாதத்தைக் கட்டிய நேர்த்தியே கண்ணில் படாது.

நெய்தல்:
காப்பியத்தின் தொடக்கத்தில் வரும் உரைநடைப் பகுதியான உரைபெறு கட்டுரையை இருவருமே விட்டுவிட்டீர்கள். அந்தப் பாண்டியனுக்குப் பின் அரசனான, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிடுகிறான். விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரம், ஒரு குற்றமும் செய்யாத ஆயிரம் பேர்! எனக்கு அரசவைக் காட்சியைவிட இதுதான் கொடிய முரணாகப் படுகிறது.

வைகைக்கரை:
அதை முரணாகப் பார்ப்பது நாம். காப்பியம் அப்படிப் பார்க்கவில்லை. சாந்தி செய்தபின் மழை பெய்து நாடு செழித்தது என்றே சொல்கிறது.

பொருநை:
காப்பியம் வாய்விட்டுச் சொல்லாததை வாசகர் பார்க்கக் கூடாதா? அந்த ஆயிரம் பேரில் ஒருவருடைய கையிலாவது தேவியின் சிலம்பு இருந்ததா?