"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் விளக்குவீங்க?": படிச்ச வாயும் படிக்காத வாயும்

(பர்மாவில் ரங்கூனின் கமாயுட், தொங்வா, மோல்மேன் ஆகிய இடங்களில் பல் பார்க்கிற மூணு பேர் பேசிக்கிறது)

கமாயுட் பல்நர்ஸ்:
பி.ஏ. படிச்ச வாத்தியார். இந்தக் கேள்விக்குப் பட்டுன்னு "ரெண்டு"ன்னார். பல் அழுக்கைச் சிவப்பாக் காட்டுற சாயமாத்திரையை மென்னு துப்பிக் கண்ணாடி பார்த்தார், பேச்சே இல்லை. முன்பக்கம் பளிச். கீழ் முன்பல்லின் நாக்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு. இடது கோரைப்பல்லிலும் அடுத்த ரெண்டிலும் ஈறோரம் ஆப்பு வெட்டின மாதிரி பள்ளம். வலதுகைக்காரர், கெட்டி பிரஷ், குறுக்கே அரம் போடுற தேய்ப்பு. படிப்பு தடவையைக் கூட்டியிருக்கு, கையைத் திருத்தலை.

தொங்வா பக்கம்:
சாயமாத்திரை ரங்கூனுக்குச் சரி அக்கா. இங்கே குன்யா (சுண்ணாம்பு தடவின வெத்தலைபாக்கு) போடுற வாய் ஏற்கெனவே சிவப்பு, ஈறோரம் சுரண்டித்தான் அழுக்கைப் பார்க்கணும். நாலாங்கிளாஸோட நின்ன அம்மா, விரலால கரியும் உப்பும். சொத்தை ஒண்ணுகூட இல்லை. ஆனா காரை (கல்லா இறுகின பல் அழுக்கு) கீழ்ப்பல் நாலையும் ஒரே கட்டியா ஒட்டி வெச்சிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னா ரெண்டு விரல்தான் நுழையுது, மூணு நுழையணும். கன்னத்துக்குள்ளே வெளுத்து, தொட்டா கயிறு மாதிரி நார். மிளகாய் பட்டா எரியுதுன்னு ஆறு மாசமாச் சொல்லியிருக்காங்க. வீட்டிலே வாய்ப்புண்ணுன்னு விட்டுட்டாங்க. "நான் புகையிலை சேர்க்கிறதில்லையே தம்பி"ன்னாங்க. கன்னம் இப்படி இறுக பாக்கு மட்டுமே போதும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் முகமை 2004லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்திடுச்சு.

மோல்மேன்:
அக்கா, பிரஷ்ஷைக் குறை சொல்றீங்க, கேள்வியே தப்பு. வாத்தியார் சொன்ன "ரெண்டு" பழக்கம் இல்லை, அவருக்குத் தெரிஞ்ச விடை. படிக்காதவர் உள்ளதைச் சொல்லிடுவார். பிறகு கணக்குப் போட்டா படிச்சவர் வாய் நல்ல வாய்னு வரும். "நேத்து ராத்திரி சாப்பிட்ட பிறகு என்ன செஞ்சீங்க?"ன்னு கேளுங்க.

சொல்லிக்கொடுக்கிறதும் இப்படி: மெத்துன்னு இருக்கிற பிரஷ், பேனா மாதிரி விரல்நுனியில். ஈறோரம் 45 பாகை சாய்வு, ரெண்டு ரெண்டு பல்லா, சின்னச் சின்ன அசைவு பத்து. கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷை நட்டுக்குத்தா நிறுத்தணும். மொத்தம் 2 நிமிஷம். பேஸ்ட் பட்டாணி அளவு, ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம். கரியில் அது கிடையாது. துப்பினா போதும், தண்ணி விட்டுக் கொப்பளிச்சா ஃப்ளோரைடும் போயிடும். எலுமிச்சைத் தண்ணி குடிச்சா அரைமணி கழிச்சு விளக்கணும். ரத்தம் வர்ற இடத்தை ஒதுக்கிடுவாங்க, படிச்சவங்களும்தான். அங்கேதான் விடாம, மெதுவா விளக்கணும். ரெண்டு வாரத்திலே நிக்கலைன்னா ஈறுக்கடியில் காரை இருக்கு, எந்த பிரஷ்ஷுக்கும் வராது, சுத்தம் பண்ணித்தான் எடுக்கணும்.

கமாயுட் பல்நர்ஸ்:
பாடம் யாரும் கேட்கலையே! தொங்வாத் தம்பி, அந்தம்மாவை மேலே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்களா?

தொங்வா பக்கம்:
அனுப்பியாச்சு. கன்னத்திலே சதை எடுத்துச் சோதிக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கோம். குன்யாவை நிறுத்தினாலும் இறுகின நார் இளகாது, மேற்கொண்டு இறுகுறது மட்டுப்படும். அதைச் சொன்னப்போ அவங்க கேட்டது ஒண்ணுதான்: "சுண்ணாம்பைக் குறைச்சா ஆகாதா?"